டிஷ்வாஷர் வாங்கக் கடைக்குப் போகும் முன் வீட்டில் அளக்க வேண்டியவை

ஒரு லட்சத்தைத் தொடும் டிஷ்வாஷரையும் அதில் பாதி விலைக்குக் கிடைப்பதையும் கடையில் அருகருகே நிறுத்தினால் பெரிய வித்தியாசம் தெரியாது. விற்பனையாளர் காட்டுவது வைஃபை, உள்ளே எரியும் விளக்கு, தொடுதிரை. கூடுதல் காசை எதற்குக் கொடுக்கலாம் என்பது உங்கள் வீட்டுத் தண்ணீரையும் சமையல் மேடையின் உயரத்தையும் தினமும் சிங்கில் விழும் பாத்திரங்களையும் பொறுத்தது. அந்த வரிசையிலேயே போவோம்.

படி 1: தண்ணீர்

பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். "டிடிஎஸ் மீட்டர் 900 காட்டுகிறது, மெஷின் தாங்குமா?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை. மெஷினைப் பாதிப்பது அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும், அதாவது கடினத்தன்மை. ஒரே 900 டிடிஎஸ் உள்ள இரண்டு கிணறுகளில் ஒன்றின் கடினத்தன்மை 250 ஆகவும் மற்றதில் 600 ஆகவும் இருக்கலாம்.

அளக்க இரண்டு வழிகள். மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துக் கிட் ஒன்று: நிறம் மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். இல்லையென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். அறிக்கையில் 'மொத்தக் கடினத்தன்மை' வரியை மட்டும் பார்த்தால் போதும்.

அந்த எண் லிட்டருக்கு மில்லிகிராமில் இருக்கும். மெஷின் கையேடுகளோ பெரும்பாலும் ஜெர்மன் டிகிரியில் பேசும். 17.8ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐஎஸ் 10500) 200 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை என்கிறது. 600ஐ 17.8ஆல் வகுத்தால் சுமார் 34 டிகிரி. பாஷ் மெஷின்களில் உள்ளமைந்த, கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னருக்கு உச்ச அளவு 50 டிகிரி, அதாவது சுமார் 890 மில்லிகிராம். மற்ற பிராண்டுகளுக்கு இந்த எண்ணைக் கையேட்டில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

35 டிகிரிக்குள் இருந்தால் கவலை இல்லை. 35 முதல் 50 வரை என்றால் மெஷின் ஓடும், சாஃப்ட்னருக்குப் போடும் டிஷ்வாஷர் உப்புதான் அடிக்கடி தீரும். 50ஐத் தாண்டினால் மெஷினுக்கு முன்னால் தனி சாஃப்ட்னர் வேண்டும். தனி சாஃப்ட்னர் போட்டபின் மெஷினின் கடினத்தன்மை அமைப்பையும் புதிய அளவுக்குக் குறைத்துவிடுங்கள். அளவுக்கு மீறி மென்மையான தண்ணீர் கண்ணாடியை அரித்து நிரந்தரமாக மங்கச் செய்யும்.

சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டுக்கு இதெல்லாம் ஒரு நிமிட வேலை. மெட்ரோ தண்ணீரும் லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலக்கும் சென்னை அடுக்ககத்தில் மே மாதம் ஒரு தடவை அளந்து, அந்த மோசமான எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைக்காது. கால்சியத்தை எடுத்துக்கொண்டு அதன் இடத்தில் சோடியத்தை விடும், அவ்வளவுதான். அதனால் டம்ளரில் வெள்ளைப் படலம் வந்தால் இப்படிச் சோதியுங்கள். ஈரத்துணியால் துடைத்தாலே போய்விட்டால் அது டிடிஎஸ் உப்பு. எந்த அமைப்பை மாற்றினாலும் தீராது. வினிகர் தடவினால்தான் போகிறதென்றால் சுண்ணாம்பு; உப்பு தீர்ந்திருக்கும் அல்லது கடினத்தன்மை அமைப்பு குறைவாக இருக்கும். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் கண்ணாடியே அரித்துப் போயிருக்கிறது.

முதல் முறை உப்பு போடும்போது மெஷின் தொட்டியின் அடியில் உள்ள உப்புக் குழியில் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, பிறகு டிஷ்வாஷர் உப்பை நிரப்ப வேண்டும். தண்ணீர் வழியும், பயப்பட வேண்டாம். வழிந்ததைத் துடைத்துவிட்டு உடனே ஒரு சுற்று ஓட விடுங்கள். உப்புநீர் தேங்கினால் எவர்சில்வர் தொட்டியே துருப்பிடிக்கும். சமையல் உப்பு கூடவே கூடாது.

படி 2: மேடை

தனியாக நிற்கும் மாடல்கள் 60 செ.மீ. அகலம், சுமார் 84.5 செ.மீ. உயரம். மேடைக்கு அடியில் பொருத்தும் மாடல்களுக்குக் குறைந்தது 81.5 செ.மீ. வேண்டும். நம் வீடுகளில் கிரானைட்டின் அடிப்பாகம் பல இடங்களில் 78, 79 செ.மீ.யிலேயே நின்றுவிடுகிறது. கடப்பா கல் தடுப்பு இருந்தால் அகலமும் அடிவாங்கும். தரை வடிகால் பக்கமாகச் சரிந்திருக்கும் என்பதால் இடது, நடு, வலது என மூன்று இடங்களில் அளந்து குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

கதவு திறந்தால் முன்னால் இன்னொரு 60 செ.மீ. போகும். ஒடுக்கமான சமையலறையில் கதவைத் திறந்தபடி ஒருவர் நிற்க முடிகிறதா என்று தரையில் செய்தித்தாளை விரித்துப் பாருங்கள்.

மேடைக்கு அடியில் பொருத்தும் மாடலைக் கார்பெண்டர் பக்கவாட்டுத் தட்டுகளில் திருகிப் பிணைக்க வேண்டும், கிரானைட்டில் திருகு ஏறாது. பிணைக்காமல் விட்டால், நிறைந்த கீழ்த் தட்டை இழுக்கும்போது மெஷின் முன்னால் சாயும்.

படி 3: குழாய், வடிகால், பிளக்

குறைந்தபட்ச அழுத்தம் பொதுவாக 0.5 பார். அதற்குத் தொட்டியின் நீர்மட்டம் குழாயைவிட 5 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். கடைசி மாடி வீடுகளுக்கு இது கிடைக்காது, பிரஷர் பம்ப் தேவைப்படும். ஒரு நிமிடத்தில் 10 லிட்டர் வாளி நிறைகிறதா பாருங்கள்.

வடிகால் குழாயைத் தரை ஜாலிக்குள் நேராக விடுவது நம் பிளம்பர்களின் பழக்கம். அப்படிச் செய்தால் உள்ளே வரும் தண்ணீர் தானாகவே இழுத்துக்கொண்டு வெளியேறும். மெஷின் நிரப்பிக்கொண்டே இருந்து கடைசியில் பிழை காட்டும். குழாயை மேடையின் அடிப்பாகம்வரை தூக்கி வளைத்து, பிறகு சிங்க் டிராப்பில் (சிங்குக்கு அடியில் உள்ள வளைந்த குழாயில்) சேர்க்கச் சொல்லுங்கள்.

16 ஆம்பியர் பிளக், எர்த்துடன். பிளக்கும் குழாய்த் திருகும் மெஷினுக்குப் பின்னால் வேண்டாம், பக்கத்து அலமாரியில் இருக்கட்டும். கசிவைத் தடுக்கும் வால்வு உள்ள உள்வரும் குழாயில் மின்கம்பி ஓடுகிறது; நீளம் அதிகம் என்று அதை வெட்டக் கூடாது.

படி 4: தட்டுகள்

'14 பேருக்கு' என்று எழுதியிருப்பது ஐரோப்பியச் சாப்பாட்டு மேசைக் கணக்கு. தட்டு, சூப் தட்டு, கப், முள்கரண்டி எல்லாம் சேர்ந்த கணக்கு அது. குக்கர், வாணலி, இட்லிப் பாத்திரம் அதில் இல்லை. நாலு பேர் உள்ள வீட்டின் ஒரு நாள் பாத்திரமே அதை நிரப்பிவிடும். 45 செ.மீ. மாடலை யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் பெரிய சாப்பாட்டுத் தட்டு, குழிவான கிண்ணம், நீளக் கைப்பிடி வாணலி, டபரா டம்ளர் நான்கையும் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். மேல் தட்டு பாரம் இருக்கும்போதும் மூன்று நிலைகளில் ஏறி இறங்குகிறதா, கீழ்த் தட்டின் கம்பிகள் முழுவதும் மடிகின்றனவா என்று பாருங்கள். கூடுதல் விலை கொடுப்பதற்கு முதல் நியாயம் இதுதான். மூன்றாவது கரண்டித் தட்டை 1987இல் ஜெர்மன் நிறுவனமான மீலே அறிமுகப்படுத்தியது. நம் வீட்டில் குழிக்கரண்டி அதில் படுக்காது, ஸ்பூனுக்கு மட்டும் சரி. அதற்காக மட்டும் விலை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

படி 5: உலர்த்தல், சத்தம்

வெறும் நீராவி குளிர்ந்து உலரும் முறைக்குப் பெரிய விலை கொடுக்காதீர்கள். பாஷ், சீமென்ஸ் மெஷின்கள் சிலவற்றில் உள்ள சியோலைட் என்ற கனிமம் ஈரத்தை உறிஞ்சும்போது வெப்பத்தை வெளிவிடும். அடுத்த சுற்றில் தானே புதுப்பித்துக்கொள்ளும், மாற்ற வேண்டியதில்லை. மீலே போன்றவை கடைசியில் கதவைத் தானே திறந்துவிடும். இரண்டும் நல்லவை. இரண்டாவதில் பக்கத்து பிளைவுட் விளிம்பு ஆவியில் உப்பும் என்பதால், பிளைவுட் அலமாரி என்றால் சியோலைட்டே என் தேர்வு.

ஹாலோடு திறந்த சமையலறைக்கு 44 டெசிபலுக்குள் பாருங்கள். கதவு சாத்தும் சமையலறைக்கு அதற்காகச் செலவழிப்பது வீண்.

பின்சேர்க்கை

வாங்கியபின் திரும்பத் திரும்ப வரும் புகார்கள் சில:

அலுமினிய குக்கர் கறுத்துவிட்டது. காரம் மிகுந்த சோப்பு அதன் மேற்படலத்தைக் கரைத்துவிடும்; அது மெஷினின் குற்றமல்ல. பித்தளை, செம்பு, இரும்புத் தோசைக்கல், கற்சட்டி, மரக்கரண்டி எதையும் போடாதீர்கள். ஸ்டீல் குக்கர் போடலாம், வெயிட்டையும் காஸ்கெட்டையும் கழற்றிவிட்டு.

பிளாஸ்டிக் டப்பா மஞ்சளாகிவிட்டது. மஞ்சள்தூளின் நிறம் எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்கில் ஊறிவிடும். இரண்டு நாள் வெயிலில் வைத்தால் வெளுக்கும்.

தட்டில் கடுகு ஒட்டியிருக்கிறது. ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்: கறிவேப்பிலை, புளிச் சக்கை, சோற்றுப் பருக்கை கிடக்கும். பாத்திரத்தைத் தேய்க்க வேண்டாம், சக்கையை மட்டும் தட்டிவிட்டுப் போடுங்கள். வாரம் ஒரு முறை ஃபில்டரைக் குழாயடியில் பழைய பிரஷ்ஷால் கழுவி, மறுபடி பொருத்தும்போது பூட்டும் வரை திருகுங்கள். பாதியில் விட்டால் பருக்கை மோட்டாருக்குள் போகும்.

ஈகோ சுற்று மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுவது பழுதல்ல. சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டும் முறை அது. அடிப்பிடித்த வாணலி உள்ள அன்றைக்கு 70 டிகிரி இன்டென்சிவ் போடுங்கள்.