வருமான வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்தால் உள்ளூரில் வக்கீல் பிடிப்பது எப்படி?

திண்டுக்கல் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவால்தான் எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது. 2016 நவம்பரில் பழைய ஐநூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றதும் கடையில் இருந்த வியாபாரப் பணத்தை வங்கியில் கட்டினார், ஆனால் அந்த வருடத்துக்கு ரிட்டர்ன் போடவில்லை. வருமான வரித்துறை அனுப்பிய நோட்டீஸ் எல்லாம், என்றோ ஒரு பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தபோது அவர்கள் போட்ட இமெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தன. பதில் வராததால் அதிகாரி தன் கணிப்பில் ஆர்டர் போட்டுவிட்டார். கணக்கு காட்டாத பணம் என்று முடிவானால் அந்த வருடத்துக்கு சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து வரி 77.25 சதவீதம், அதற்கு மேல் வட்டி வேறு. வங்கிக் கணக்கு முடங்கிய அன்றுதான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது. நோட்டீஸ் வந்தால் முதலில் அது உண்மையானதுதானா என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் கடிதங்களில் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். வருமான வரித்துறையின் போர்ட்டலில் லாகின் செய்யாமலேயே அந்த எண்ணைப் போட்டு சரிபார்த்துக்கொள்ளலாம். அப்புறம் லாகின் செய்து, எந்த வருடத்துக்கு, எந்தப் பிரிவில், எவ்வளவு பாக்கி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். (2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது, பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. பழைய வருடங்களுக்கு 1961 சட்டத்தின் எண்கள்தான், நான் சொல்வதும் அவைதான்.)

எல்லா பாக்கிக்கும் வக்கீல் தேவையில்லை. டிடிஎஸ் (சம்பளம் மாதிரி பணம் தரும்போதே பிடித்துக்கொள்ளும் வரி) கணக்கில் ஏறாதது, எண்ணைத் தப்பாகப் போட்டது மாதிரி பளிச்சென்று தெரிகிற தவறுகளை 154ஆம் பிரிவில் திருத்தச் சொல்லி மனு போடலாம், உங்கள் ஆடிட்டரே போதும். கம்பெனி உங்கள் சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டவில்லை என்றால், பிடித்த அந்த வரியை உங்களிடம் மறுபடி வசூலிக்கக்கூடாது என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பழைய வருடத்தைத் திறந்து ஆர்டர் போட்டிருந்தாலோ, வங்கிக் கணக்கை முடக்கியிருந்தாலோ, வழக்கு தொடர்வோம் என்று கடிதம் வந்திருந்தாலோ வரி வக்கீலைப் பார்த்துவிடுங்கள். கமிஷனர் மேல்முறையீட்டிலும் தீர்ப்பாயத்திலும் ஆடிட்டரும் வாதாடலாம், உயர் நீதிமன்றம் வரை போகும் என்று தோன்றினால் வக்கீல்தான்.

நாள் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். இவ்வளவு கட்டுங்கள் என்று வரும் டிமாண்ட் நோட்டீஸ் கையில் கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 30 நாள், மேல்முறையீட்டுக்கும் அதே 30 நாள். அது தாண்டினால் பாக்கி மேல் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். தவணை கேட்பதாக இருந்தால் அதையும் அந்தக் கெடு முடிவதற்குள் எழுதிக் கேட்க வேண்டும். கெடு தாண்டியவர்கள் தாமதத்துக்குக் காரணம் காட்டி மன்னிப்பு மனுவோடு மேல்முறையீடு போடலாம், சித்தப்பாவுக்கு அப்படித்தான் போட்டோம்.

இப்போது எல்லாமே அதிகாரியை நேரில் பார்க்காமல் ஆன்லைனில் நடக்கும் முகமறியா முறைதானே, உள்ளூர் வக்கீல் எதற்கு என்று நானும் கேட்டேன். ஆர்டர் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், வசூலும், அதை நிறுத்தி வைக்கச் சொல்லும் தடை மனுவும் உங்கள் பான் எந்த வார்டில் இருக்கிறதோ அந்த அதிகாரியிடம்தான். அவரிடம் மனு கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்கி, மறுவாரம் போய் என்ன ஆச்சு என்று கேட்க ஆள் வேண்டும். அதோடு, கடைச் சிட்டை, கொள்முதல் பில், கடன் நோட்டு இதையெல்லாம் மேஜையில் பரப்பி வைத்துப் பேசினால்தான் வியாபாரம் எப்படி நடந்தது என்று வக்கீலுக்குப் புரியும்.

ஆள் தேட விளம்பரத்தை நம்பாதீர்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யவே கூடாது என்பது பார் கவுன்சில் விதி, ஆன்லைன் தளங்கள் வழியாகக் கட்சிக்காரர் பிடிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகவே கண்டித்தது. உங்கள் ஊர் ஆடிட்டர்கள் இரண்டு பேரிடம், சிக்கலான கேஸை யாரிடம் அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஆர்டர்கள் இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன, யார் வாதாடினார் என்ற பெயர் மேலேயே இருக்கும். சென்னை பெஞ்ச் ஆர்டர்களில் உங்களுடையது மாதிரி கேஸ் நான்கைப் படித்தால் எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும், எனக்கு மிகவும் உதவியது இதுதான். ஜிஎஸ்டி பாக்கி என்றால் சட்டமும் கெடுவும் வேறு, அதற்குப் பழக்கமானவரைத் தனியாகத் தேடுங்கள்.

முதல் சந்திப்புக்கு ஆர்டர், நோட்டீஸ்கள், அந்த வருட பேங்க் ஸ்டேட்மென்ட், ரிட்டர்ன் நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். ஆர்டரைப் படிப்பதற்கு முன்பே “முழுசா தள்ளுபடி வாங்கித் தரேன்” என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள், நாங்கள் அப்படி ஒருவரிடம் மூன்று வாரம் வீணடித்தோம். ஆவணத்தில் எது பலவீனம் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்பவர்தான் வேண்டும். கட்டணத்தை மேல்முறையீடு, தடை மனு, தீர்ப்பாயம் என்று பிரித்துக் கேட்டு எழுதி வாங்குங்கள். மிச்சமாகும் வரியில் இத்தனை சதவீதம் என்று பேசுவது வக்கீல் தொழில் விதிப்படி தவறு.

வசூலை நிறுத்தி வைக்க பொதுவாக பாக்கியில் 20 சதவீதம் கட்டச் சொல்வார்கள், அதைக் குறைக்கச் சொல்லியும் காரணத்தோடு கேட்கலாம். அந்தப் பணத்தை வக்கீல் கையில் கொடுக்காமல் நீங்களே போர்ட்டலில் உங்கள் பான் எண்ணில் கட்டி, சலான் நகலை அவருக்கு அனுப்புங்கள். போர்ட்டலில் இருக்கும் இமெயிலையும் மொபைல் நம்பரையும் இன்றைக்கே உங்களுடையதாக மாற்றுங்கள், ஓடிபி உங்களுக்கு வரட்டும். மேல்முறையீடு போட்டாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது, படிவம் 35-இன் ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கி ஃபைலில் போடுங்கள்.