காரின் கறுப்புக் கண்ணாடி: பதவியில் இருந்தால் விலக்கு உண்டா?

அரசு வண்டி என்றாலே கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைதான் இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளிலெல்லாம் பெரியது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100ஆவது விதி, முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்கிறதே தவிர, அமைச்சருக்கோ ஆட்சியருக்கோ நீதிபதிக்கோ தனிச் சலுகை எதையும் தரவில்லை.

விலக்கு என்பது, அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று அளித்த தீர்ப்பின் வழியே வந்தது. எத்தனை விழுக்காடு வெளிச்சத்தை விடுவதாக இருந்தாலும் கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று நாடு முழுவதற்கும் தடை விதித்த அந்தத் தீர்ப்பு, இசட், இசட் பிளஸ் பாதுகாப்புப் பெற்றவர்களின் வண்டிகளுக்கு மட்டும், அதுவும் உள்துறைச் செயலரும் காவல்துறைத் தலைமை இயக்குநர் அல்லது ஆணையரும் அடங்கிய குழு ஆராய்ந்து அனுமதித்தால், இடம் கொடுத்தது. உயிருக்குள்ள அச்சுறுத்தலே இங்கு அளவுகோல், நாற்காலி அல்ல. பாதுகாப்புப் பெற்றவரின் அலுவல்முறை வண்டிக்குக் கிடைத்த அனுமதியை வீட்டிலுள்ள சொந்தக் காருக்கும் பொருத்திக்கொள்வது அடுத்த தவறு. மேலதிகாரியின் வண்டி என்று தெரிந்ததும் காவலர் கைகாட்டி அனுப்பிவிடுவது எனக்கு மிகவும் வேதனை தருவது. ஏனெனில் அபராதம் விதிப்பதோடு ஃபிலிமை உடனே அகற்றவும் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும்.

2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தை வைத்து, உரிய தரத்திலான ஃபிலிம் ஒட்டிய பாதுகாப்புக் கண்ணாடி செல்லும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் கூறியது. இதைக் கேட்டு எந்த ஃபிலிமையும் ஒட்டலாம் என்று முடிவுகட்டுவது புதிதாகப் பரவும் தவறு. அந்தத் தீர்ப்பு பிற மாநில அதிகாரிகளைக் கட்டுப்படுத்தாது; 70, 50 என்ற அளவுகளும் மாறவில்லை. ஃபிலிம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெளிச்ச விழுக்காடு ஃபிலிமுக்கு மட்டும் உரியது, கண்ணாடியையும் சேர்த்தது அல்ல என்பதும் பலர் கவனிக்காத ஒன்று. ஏற்கெனவே 65 விழுக்காடு வெளிச்சத்தை விடும் பக்கக் கண்ணாடியில் 70 விழுக்காடு ஃபிலிமை ஒட்டினால், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 45 விழுக்காட்டையே உள்ளே விடும், அது விதிமீறல்.