கேஸ் வண்டிக்குப் பெரிய காயில் வாங்குவதற்கு முன்

பெட்ரோலில் ஒழுங்காக ஓடிய என் பழைய கார்புரேட்டர் ஆம்னி, எல்பிஜி கேஸுக்கு மாற்றியதும் மேட்டில் விட்டுவிட்டு இருமத் தொடங்கியது. யாரோ சொன்னார்கள் என்று பிளக்கில் பொறி உண்டாக்க அதிக வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயிலை வாங்கி மாட்டினேன். ஒரே வாரத்தில் வெடிச் சத்தத்தோடு ஏர் ஃபில்டர் மூடி எகிறியது.

காயிலின் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைக் (மூடியை) கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளே இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கருங்கோடு. அதன் வழியே பொறி வேறு சிலிண்டருக்குத் தாவியிருக்கிறது. அந்த நேரத்தில் அங்கே உறிஞ்சு வால்வு திறந்திருந்தால் தீ பின்னோக்கிப் பாயும். கேஸை வெளியிலேயே காற்றோடு கலந்து அனுப்பும் மிக்சர் வகை கிட்டில், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்) முழுவதும் கேஸ் கலவைதான். வெடிக்காமல் என்ன செய்யும்?

எல்பிஜி கலவையில் பொறி தாண்டுவதற்குப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். கலவையில் கேஸ் குறைந்தால் இன்னும் கூடுதல். பெரிய காயில் அதைக் கொடுக்கும்தான், ஆனால் கசிவு இருந்தால் கசிவுக்கும் சேர்த்துக் கொடுக்கும். எனவே முதலில் பிளக், பிளக் வயர், கேப், அதனுள் சுழலும் ரோட்டார், எர்த் இணைப்பு ஆகியவற்றைப் பாருங்கள், காயில் கடைசியில். இரவில் பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். வயர்மேல் நீலப் பொறி ஓடினால் அந்த வயரை மாற்றியே ஆக வேண்டும்.

காயில் பெரிதாகிவிட்டதே என்று பிளக் இடைவெளியைக் கூட்டுகிறவர்கள் உண்டு. கேஸுக்கு அது நேர் எதிர். 0.8 மில்லிமீட்டர் இருந்தால் 0.7-க்குக் குறைத்துப் பாருங்கள், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து. கண் அளவு வேண்டாம். பிளக்கின் நிறத்தையும் நம்பாதீர்கள். கேஸில் கரி படியாது. முனை தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும் புதிதுபோல் வெளுத்திருக்கும்; "நன்றாகத்தானே இருக்கிறது" என்று துடைத்துத் திரும்ப மாட்டிவிடுவார்கள்.

பிளக்கைக் கழற்றி இன்ஜின்மேல் வைத்துப் பொறி பார்ப்பது இன்னொரு வழக்கம். திறந்த காற்றில் எளிதாகத் தாண்டும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திணறும். ஆகவே அந்தச் சோதனை பாதி உண்மைதான் சொல்லும். கேஸ் வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்வது சுத்த முட்டாள்தனம். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேயே தேங்கி நிற்கும்.

காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்ட் (தொடுமுனை) வைத்த பழைய வண்டியில், ரெசிஸ்டருடன் இணைக்க வேண்டிய காயிலை நேராக 12 வோல்ட்டில் கொடுத்தால் காயிலும் பாயிண்டும் சீக்கிரம் கருகும். வெறும் உலோகக் கம்பி வைத்த பிளக் வயர், எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி உள்ள கிட்டைக் குழப்பும்.

டைமிங்கில், அதாவது பொறி விழும் நேரத்தில் மட்டும் பேராசை கூடாது. எல்பிஜியின் ஆக்டேன் (இன்ஜின் தட்டாமல் எரியும் திறனின் அளவு) 100-ஐத் தாண்டும். நம் பங்குகளில் நெடுங்காலம் விற்ற சாதாரண பெட்ரோலுக்கு 91. கேஸில் குறைந்த வேகத்தில் டைமிங்கைச் சில டிகிரி முன்னால் வைத்தால் இழுவை கூடும் என்பது உண்மை. ஆனால் கேஸ் தீர்ந்து பெட்ரோலுக்கு மாற்றியதும் அதே டைமிங்கில் கலவை கட்டுப்பாடின்றி வெடித்து இன்ஜின் தட்டத் தொடங்கும். இரண்டு எரிபொருளிலும் ஓட்டுகிறவர் பெட்ரோலில் தட்டாத அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மிஸ்ஸிங் நிற்கவில்லை என்றால் இக்னிஷனை விட்டுவிட்டு ரெடியூசரையும் (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி) கலவையையும் பாருங்கள்.