பிடியாணையை ரத்து செய்து பிணை பெற்ற என் அனுபவம்
நான் மருத்துவமனையில் இருந்த நாளில் என் குற்றவழக்கு அழைக்கப்பட்டதால், மாஜிஸ்திரேட் ஜாமீனில் வெளிவர முடியாத பிடியாணை பிறப்பித்துவிட்டார். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 72(2) பிரிவின்படி, அத்தகைய ஆணை நிறைவேற்றப்படும் வரையோ, பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரையோ நடைமுறையில் இருக்கும் என்பதால், அடுத்த வாய்தா வரை காத்திருப்பது பேராபத்து. எனவே, போலீஸார் தேடி வருமுன் வழக்கறிஞருடன் அதே நீதிமன்றத்தில் நானே ஆஜராகி, பிடியாணையைத் திரும்பப் பெறக் கோரும் மனுவை மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் அறிக்கையுடன் தாக்கல் செய்தேன். காரணம் உண்மையானதாக இருக்கும்போது நேரில் நிற்பதைவிட வலுவான வாதம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நான் ஆஜராகாததால் பழைய பிணைப் பத்திரம் பறிமுதலாகியிருக்கக்கூடும் என்று ஜாமீன்தாரர்களையும் அழைத்துச் சென்றிருந்தேன். புதிய பத்திரம் எழுதிக் கொடுத்ததும் ஆணை ரத்தானது. ரத்தான தகவல் தாமதமாகச் சென்றால் கைதாக நேரலாம் என்பதால், உத்தரவின் நகலை அன்றே காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொண்டேன்.