பதின்பருவ மனச்சோர்வு: செயலியையும் நலப் பயிற்சியாளரையும் சேர்த்துப் பயன்படுத்துவது எப்படி?

மனச்சோர்வில் தவிக்கும் பிள்ளைக்கு உதவ நினைக்கும் பெற்றோர் பலர் முதலில் செய்வது, ஒரு செயலியைத் தேடுவதுதான். நட்சத்திர மதிப்பீட்டைப் பார்த்து, பிள்ளையின் கைபேசியில் அதை நிறுவி, "தினமும் இதைத் திறந்து பார்" என்று சொல்லிவிடுகிறார்கள். சில நாட்களில் அந்தச் செயலி திறக்கப்படாமல் கிடக்கும். பிள்ளையைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. மனநலச் செயலிகளின் பயன்பாட்டை அளந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இத்தகைய செயலியை நிறுவியவர்களில் 30 நாள் கழித்தும் அதைத் திறப்பவர்கள் 100-க்கு மூன்று, நான்கு பேர்தான். எதிலும் நாட்டம் இல்லாமல் போவது மனச்சோர்வின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. அந்த நிலையில் இருப்பவரிடம் தானாகத் தினமும் செய்யச் சொல்லி எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

அதனால் இந்த விளக்கம் முழுவதும் ஒரே வரிசையைத்தான் பின்பற்றுகிறது: முதலில் துணை நிற்கும் ஆள், அதாவது நலப் பயிற்சியாளர்; அதற்குப் பிறகு செயலி.

படி 1: மருத்துவரிடமிருந்து தொடங்குங்கள்

பதின்பருவத்தில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வெளிப்படுவதில்லை. எரிச்சல், சின்ன விஷயத்துக்கும் சீறுவது, நண்பர்களை விட்டு விலகுவது, பிடித்த விளையாட்டைக்கூடக் கைவிடுவது, இரவும் பகலும் தலைகீழான தூக்கம், காரணம் புரியாத தலைவலி, வயிற்றுவலி என்று பல முகங்களைக் காட்டும். இப்படிப்பட்ட மாற்றங்கள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட இதே சோர்வைத் தரும் என்பதால் உடல் பரிசோதனையும் அவசியம்.

மருத்துவர் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாளைத் தரக்கூடும். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பொதுவாக 5 முதல் 9 வரை லேசான நிலை, 10 முதல் 14 வரை மிதமான நிலை, அதற்கு மேலே போகப் போகக் கடுமை கூடுகிறது. பதின்பருவத்தினருக்கென்றே சற்று மாற்றிய வடிவமும் உண்டு. இந்த எண்ணை மட்டும் வைத்து நோயை முடிவு செய்துவிட முடியாது. ஆனால் சில வாரம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க இது மிகவும் உதவும்; எனவே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

செயலியும் பயிற்சியாளரும் சேர்ந்த ஏற்பாடு லேசான நிலைக்குத்தான் முதல் கட்ட உதவியாகப் பொருந்தும். சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் லேசான மனச்சோர்வு உள்ள 5 முதல் 18 வயதினருக்கு, கணினி, கைபேசி வழியாகத் தரப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) ஒரு தேர்வாக ஏற்கிறது. மிதமான, கடுமையான நிலைகளில் உளவியல் சிகிச்சையும், தேவைப்பட்டால் மருந்தும்தான் முதன்மை. செயலி அங்கே பக்கத்துணை மட்டுமே. செயலி நன்றாக உதவுகிறது என்று நினைத்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வினாத்தாளின் ஒன்பதாவது கேள்வியைத் தனியாகப் பாருங்கள். செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. 0 தவிர வேறு எந்தப் பதில் இருந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால் பிள்ளையைத் தனியே விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

படி 2: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

நலப் பயிற்சியாளர் நோயைக் கண்டறிய மாட்டார். சிகிச்சையும் தர மாட்டார். தூக்கம், நடமாட்டம், நண்பர்களுடன் தொடர்பு, நாள் ஒழுங்கு ஆகியவற்றில் சிறு மாற்றங்களைத் திட்டமிடவும், அவற்றை விடாமல் தொடரவும் துணை நிற்பதே அவருடைய வேலை. அவரை ஏற்பாடு செய்வதற்கு முன் சில கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எங்கே பயிற்சி பெற்றார்? பதின்பருவத்தினருடன் பணியாற்றியிருக்கிறாரா? அவரை மேற்பார்வை செய்யும் உளவியலாளர் யார்? தற்கொலை எண்ணம் பற்றிப் பிள்ளை சொன்னால் என்ன செய்வார்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் வேறொருவரைப் பாருங்கள்.

பயிற்சியாளர் கிடைக்காவிட்டால் பள்ளி ஆலோசகரோ, பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியரோ, மாமாவோ அத்தையோ அந்த இடத்தில் இருக்கலாம். அப்பாவோ அம்மாவோ தாங்களே பயிற்சியாளர் ஆவதை நான் பரிந்துரைப்பதில்லை. வீட்டுப்பாடம், மதிப்பெண், கைபேசி நேரம் பற்றிய பேச்சுகளோடு இதுவும் கலந்துவிட்டால், பிள்ளைக்கு மனம் திறக்க இடமே இல்லாமல் போகும்.

முதல் சந்திப்பிலேயே மூவரும் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள்: செயலியில் எழுதுவது பிள்ளைக்குச் சொந்தம், பெற்றோர் திறந்து பார்க்க மாட்டார்கள், உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் பயிற்சியாளர் பெற்றோரிடம் சொல்வார். இந்த உறுதி இல்லாவிட்டால் பதிவுகள் எல்லாம் உங்களுக்காக எழுதப்பட்டவையாகத்தான் இருக்கும்.

படி 3: ஒரே ஒரு செயலி

மனநிலை நாட்குறிப்பு, எண்ணங்களைச் சீர்செய்யும் பாடங்கள், மூச்சுப் பயிற்சி, தூக்கப் பதிவு என்று வகைகள் நிறைய. தொடக்கத்துக்கு மனநிலை நாட்குறிப்பு போதும். பாடம் படிக்கும் தெம்பு இருந்தால் அடுத்த வகைக்குப் போகலாம். விளையாட்டு வடிவிலும் சில உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பார்க்ஸ் என்ற கணினி விளையாட்டை 12 முதல் 19 வயதுக்குட்பட்ட 187 பேரிடம் சோதித்தார்கள். வழக்கமான ஆலோசனைக்கு அது குறைந்ததல்ல என்று 2012-இல் முடிவுகள் வெளியாயின.

தேர்வைப் பிள்ளையிடம் விடுங்கள். நீங்கள் சரிபார்க்க வேண்டியவை வேறு: உருவாக்கியவர்களில் மருத்துவரோ உளவியலாளரோ இருக்கிறார்களா, தனியுரிமைக் கொள்கையில் விளம்பர நிறுவனங்களுக்குத் தகவல் தரப்படுமா, பதிவுகளை முழுவதுமாக அழிக்க வழி உண்டா. மனநிலை பற்றிய தகவல் மிகவும் அந்தரங்கமானது. இணையவழி ஆலோசனை நிறுவனம் ஒன்று பயனர்களின் தகவலை விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததற்கு, அமெரிக்க வணிகக் கண்காணிப்பு அமைப்பு 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

நிறுவியதும் அமைப்புகளுக்குள் போய், "தொடர்ந்து இத்தனை நாள்" என்று எண்ணிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒருநாள் விட்டதும் எண் பூஜ்யத்துக்குத் திரும்பும். ஏற்கெனவே "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு சான்றாகிவிடும்.

படி 4: முதல் வாரம் பதிவு மட்டும்

எதையும் மாற்ற வேண்டாம். மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை நினைவூட்டல் ஒலிக்கட்டும். மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். அப்போது செய்துகொண்டிருந்தது என்ன என்று நாலு வார்த்தை. அரை நிமிட வேலைதான். பாதிப் பதிவுகள் விட்டுப்போனாலும் போதுமானவை கிடைத்துவிடும்.

படி 5: வாராந்திரச் சந்திப்பு

எல்லாம் இங்கேதான் நடக்கிறது. 20 அல்லது 30 நிமிடம், நேரிலோ காணொளியிலோ. பயிற்சியாளரும் பிள்ளையும் பதிவுகளைச் சேர்ந்து பார்க்கிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு: 16 வயதுப் பெண், வாரம் முழுவதும் மாலையில் 2, 3 என்றே எண்கள், எதிரில் "படுக்கை, வீடியோ" என்ற குறிப்பு. வியாழன் மட்டும் 5.

"வியாழக்கிழமை 5 போட்டிருக்கிறாயே, அன்று என்ன நடந்தது?"

"ஒன்றுமில்லை. தோழியிடம் நோட்டு வாங்கப் போனேன்."

"கிளம்பும்போது எப்படி இருந்தது?"

"போகவே பிடிக்கவில்லை."

"திரும்பி வரும்போது?"

"பேசிக்கொண்டே நடந்தோம். பரவாயில்லை."

கிளம்பும் முன் மனம் சொன்னதற்கும் போன பிறகு நடந்ததற்கும் இடையே உள்ள அந்த வித்தியாசத்தைப் பிள்ளையே தன் பதிவில் கண்டுபிடிக்க வேண்டும். மனநிலை சரியானபின் செயல்படலாம் என்று காத்திருக்காமல், சிறு செயலைச் செய்து மனநிலை மெல்ல நகர்வதைப் பார்க்கும் இந்த முறைக்கு நடத்தைத் தூண்டல் என்று பெயர். 1970-களில் உளவியலாளர் பீட்டர் லூவின்சன் செய்த ஆய்வுகளில் இதற்கு அடித்தளம் அமைந்தது.

அடுத்து, வரும் வாரத்துக்கு ஒரே ஒரு செயல். "நண்பர்களோடு பழகு" என்பது திட்டம் ஆகாது. "செவ்வாய் மாலை 5 மணி, தோழியுடன் 10 நிமிட நடை" என்பதுதான் திட்டம். அதைச் செயலியில் நினைவூட்டலாகப் போட்டுவிட்டு, "செய்துவிடுவாய் என்று 10-க்கு எவ்வளவு நம்பிக்கை?" என்று பயிற்சியாளர் கேட்பார். பதில் 4 என்றால், "ஏன் 2 என்று சொல்லவில்லை?" என்பது அடுத்த கேள்வி. அப்போது பிள்ளை தன்னிடம் இருக்கும் காரணங்களைத் தானே எடுத்துச் சொல்லத் தொடங்கும். பிறகு, நம்பிக்கை 7-ஐத் தொடும்வரை செயலைச் சிறிதாக்குவார்: 10 நிமிடம் 5 ஆகலாம், நடை ஒரு குரல் செய்தியாகலாம். எவ்வளவு சிறியது என்று நினைத்து வெட்கப்பட வேண்டியதே இல்லை.

செய்யாமல் வந்தால் கண்டிப்பு கிடையாது. "எது குறுக்கே வந்தது?" என்ற ஒரு கேள்வி போதும். நடுவாரத்தில் பயிற்சியாளர் அனுப்பும் இரண்டு வரிச் செய்திக்கு, செயலியின் தானியங்கி அறிவிப்பைவிடப் பல மடங்கு மதிப்பு உண்டு. அக்கறையோடு எதிர்பார்க்க ஒருவர் இருக்கும்போது இணையவழிப் பயிற்சிகளில் நிலைத்திருப்பது கூடுகிறது என்று டேவிட் மோரும் சக ஆய்வாளர்களும் 2011-இல் விளக்கினார்கள்.

படி 6: தூக்கம்

13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. உதவும் அதே கைபேசிதான் தூக்கத்தையும் கெடுக்கிறது. இரவுப் பதிவை இரவு உணவு முடிந்த உடனே போட்டுவிட்டு, கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜில் போடட்டும். வீட்டில் பெரியவர்களும் அதையே செய்தால்தான் இது நடக்கும்.

படி 7: பாதுகாப்புத் திட்டம்

நிலை நன்றாக இருக்கும் நாளில் இதை எழுதிவிடுங்கள். இது ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வடிவமைத்த முறை. நிலை மோசமாகிறது என்பதைக் காட்டும் அறிகுறிகள், தனியாகச் செய்து மனத்தைத் திருப்பக்கூடியவை, போய் உட்காரக்கூடிய இடங்களும் மனிதர்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவர், உதவி எண், வீட்டில் ஆபத்தானவற்றை அகற்றுவது. மருந்துகளையும் பூச்சிக்கொல்லிகளையும் பூட்டி வைப்பது உங்கள் பொறுப்பு. திட்டம் இணையம் இல்லாமலும் திறக்கும்படி கைபேசியில் இருக்கட்டும். தாளில் ஒரு பிரதியும் வேண்டும்.

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. கேட்பதால் எண்ணம் உருவாவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நேரடியாக, பதறாமல் கேளுங்கள். உரையாடல் ரோபோவிடம் இந்தப் பொறுப்பை ஒருபோதும் விடாதீர்கள்.

படி 8: மீண்டும் அளந்து பாருங்கள்

நாலு முதல் ஆறு வாரத்தில் அதே வினாத்தாளை மறுபடி நிரப்பச் சொல்லுங்கள். 5 புள்ளி குறைந்திருந்தால் அது பொருட்படுத்தத் தக்க முன்னேற்றம். குறையவில்லை என்றாலோ கூடியிருந்தாலோ இன்னொரு செயலியைத் தேடி நாட்களைக் கழிக்காமல் மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள். அடுத்த கட்டச் சிகிச்சை தேவைப்படுகிறது என்றுதான் அதற்குப் பொருள்.

முன்னேற்றம் இருந்தாலும் சட்டென்று நிறுத்த வேண்டாம். சந்திப்புகள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை என்று இடைவெளி விடட்டும். மனச்சோர்வு திரும்பி வரக்கூடியது. ஆகவே கடைசிச் சந்திப்பில், பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, சரிவு தொடங்கிய நாட்களில் முதலில் தென்பட்டவை என்னென்ன என்று பிள்ளையே தன் கையால் பட்டியல் போடட்டும். அவற்றில் இரண்டு ஒரே வாரத்தில் மறுபடி வந்தால் யாருக்கு முதலில் செய்தி அனுப்புவது என்பதும் அந்தப் பட்டியலின் அடியில் இருக்க வேண்டும்.