காப்புறுதி நின்ற பிறகு நாங்கள் செய்தது

என் கணவருக்குக் கொம்பனி வேலை போனதோட மருத்துவக் காப்புறுதியும் நின்றுபோச்சு. தனியார் டொக்டர், பாமசி எல்லாம் இனிக் கைக்காசு. ஒருநாள் பார்த்தா, பிரஷர் குளிசையைப் பாதியா உடைச்சுப் போடுறார், மாசக் கடைசி வரைக்கும் இழுக்கவாம். எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. வேலை போன கவலையை விட இதுதான் ஆளைக் கொல்லும்.

பழைய ரிப்போட், ஈசிஜி துண்டு எல்லாம் எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனேன். வெளிநோயாளர் பிரிவில காட்டி, கிளினிக் கொப்பி போட்டாச்சு. விடியவே போய் நம்பர் எடுக்கணும். குளிசை இலவசம், அங்க இல்லாததை மட்டும் வெளியில வாங்குறோம்.

பெரிய சத்திரசிகிச்சை என்று வந்தால், செலவுக்குப் பண உதவி தர அரசாங்கத்தின்ட ஜனாதிபதி நிதியம் இருக்கு. 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலையத் தேவையில்லை.