காரோ-கான்: அமைதியான கிளைகளில் அடிபடுகிறவர்களுக்கு

சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுக்கான தொடக்கமான காரோ-கான் தற்காப்பைக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், அநேகமாக எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "உறுதியான ஆட்டம் சார், சீக்கிரம் தோற்க மாட்டோம்." மும்பையில் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் சதுரங்கம் சொல்லித்தருகிறேன். இந்தப் பதிலைச் சொன்ன பிள்ளைகள்தான் முலுண்ட், டோம்பிவிலி என்று போட்டிக்குப் போய், பக்கத்து மேசையில் இன்னும் காஸ்லிங்கே (ராஜாவை யானையோடு ஓரத்தில் ஒதுக்குவது) ஆகாத நேரத்தில் ஆட்டத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்து நிற்கிறார்கள்.

அவர்களை வீழ்த்துவது பனோவ் தாக்குதல் போன்ற பேர்போன முரட்டுக் கிளைகள் அல்ல. அவற்றுக்குப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். 'இதில் வெள்ளைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை' என்று பாடம் அரைப் பக்கத்தில் தாண்டிப்போகும் அமைதியான கிளைகளில்தான் விழுகிறார்கள். நானும் அங்கே விழுந்து எழுந்தவன்தான். குழிகள் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. ராணியைக் கவனிக்காமல் விடுவது, கடிகாரத்தைப் பார்க்காமல் யோசிப்பது போன்றவற்றை நான் தொடப்போவதில்லை. அவை எந்தத் தொடக்கத்திலும் நடக்கும்.

அடிப்படையை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் கிடைவரிசை; காய் சொல்லாமல் கட்டம் மட்டும் சொன்னால் சிப்பாய் நகர்கிறது. வெள்ளை இ4, கறுப்பு சி6. அடுத்து டி5 வைத்து நடுவில் மோதப்போகிறோம். பிரெஞ்சுத் தற்காப்பு என்ற வேறொரு தொடக்கத்தில் இ6 வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் சி8 பிஷப் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுவிடும். காரோ-கானில் அதன் வழி திறந்திருக்கிறது. ஹொரேஷியோ காரோவும் மார்க்கஸ் கானும் 1886இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். பின்னாளில் போட்வின்னிக், பெட்ரோசியன், கார்போவ் போன்ற அசைக்க முடியாத ஆட்டக்காரர்களின் கையில் இது நிலைத்ததற்கு அந்தப் பிஷப் ஒரு முக்கியக் காரணம். இதற்கு ஒரு விலையும் உண்டு. குதிரை வந்து நிற்க வேண்டிய சி6 கட்டத்தில் சிப்பாய் உட்கார்ந்துகொள்கிறது. காய்களை வெளியே கொண்டுவருவதில் நாம் சற்றுப் பின்தங்குகிறோம். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தப் பின்தங்கலை மறப்பதால் வருபவை.

மூன்றாவதில் இ6

டி4 டி5க்குப் பிறகு வெள்ளை மூன்றாவதில் இ5 தள்ளியதும் இ6 ஆடித் தன் பிஷப்பைத் தானே அடைத்துக்கொள்கிறவர்கள், பேசாமல் பிரெஞ்சே ஆடலாம். ஒரு நகர்த்தலாவது மிஞ்சும்.

இரு குதிரைக் கிளையில் பழக்க தோஷமாகப் பிஷப் எஃப்5

இதை நினைத்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. விரிவாகவே சொல்கிறேன்.

காரோ-கான் படிக்கிற எல்லாரும் முதலில் மனப்பாடம் செய்வது செவ்வியல் கிளையை. இ4 சி6, டி4 டி5, குதிரை சி3. கறுப்பு இ4 சிப்பாயை வெட்ட, வெள்ளைக் குதிரை திரும்ப வெட்டும். பிஷப் எஃப்5க்கு வந்து குதிரையைத் தாக்கும். குதிரை ஜி3, பிஷப் ஜி6. வெள்ளை எச்4 தள்ளிப் பிஷப்பைப் பிடிக்கப் பார்க்கும். கறுப்பு எச்6 ஆடி அதற்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் செய்யும். இவ்வளவும் சரி. 2013இல் சென்னையில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் இரண்டாவது ஆட்டத்தில் ஆனந்துக்கு எதிராகக் கார்ல்சன் கறுப்புக் காய்களில் ஆடியது இதைத்தான். 25 நகர்த்தல்களில் சமநிலை.

இப்போது இரு குதிரைக் கிளையைப் பாருங்கள். இ4 சி6, குதிரை சி3 டி5, குதிரை எஃப்3. வெள்ளை டி4 ஆடவேயில்லை. பார்த்தால் சாது. படித்த பிள்ளை என்ன செய்கிறது? இ4இல் வெட்டுகிறது, குதிரை திரும்ப வெட்டுகிறது, கை தானாகவே பிஷப்பை எஃப்5க்குக் கொண்டுபோகிறது. குதிரை ஜி3, பிஷப் ஜி6, எச்4, எச்6. அந்தப் பக்கம் பார்த்தால் மனப்பாடம் செய்த அதே படம்தான் பலகையில் இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம்: வெள்ளையின் டி சிப்பாய் வீட்டில் இருக்கிறது, ஜி1 குதிரை ஏற்கெனவே எஃப்3இல் நிற்கிறது.

செவ்வியல் கிளையில் அந்தக் குதிரை எஃப்3க்கு வருவதே ஏழாவது நகர்த்தலில்தான். அது வந்த கையோடு கறுப்புக்கு ஒரு நகர்த்தல் கிடைக்கிறது. வழக்கமாகக் குதிரையை டி7இல் வைத்து இ5 கட்டத்தைக் காப்பார்கள். சென்னையில் கார்ல்சன் அதற்குப் பதிலாக இ6 ஆடினார். எட்டாவதில் ஆனந்தின் குதிரை இ5க்குப் பாய்ந்தது; ஆனால் சி4இலிருந்து எஃப்7க்குப் போகும் பாதையை இ6 சிப்பாய் அதற்குள் மூடியிருந்தது. ஒன்றும் ஆகவில்லை. இரு குதிரைக் கிளையில் கறுப்புக்கு அந்த ஒரு நகர்த்தல் இல்லை. ஏழாவதிலேயே குதிரை இ5க்கு வந்துவிடும்.

பிஷப் எச்7க்கு ஒதுங்குகிறது. ராணி எச்5, எஃப்7இல் மேட் மிரட்டல். ஜி6 ஆடி ராணியைத் துரத்துகிறோம். ராணி ஓடவில்லை, வெள்ளை பிஷப்பை சி4இல் வைக்கிறது. ஜி6 சிப்பாயால் ராணியை வெட்டினால், பிஷப் எஃப்7இல் மேட். டி8இல் சொந்த ராணி, எஃப்8இல் சொந்தப் பிஷப், டி7ஐ வெள்ளைக் குதிரை காக்கிறது. ராஜாவுக்குப் போக இடமில்லை.

வெட்டாமல் இ6 ஆடினால்? ராணி இ2க்குத் திரும்பும். மிரட்டல் தீர்ந்தது என்று நினைத்துக் குதிரையை எஃப்6க்குக் கொண்டுவருவீர்கள். குதிரை எஃப்7இல் பலி, ராஜா அதை வெட்டும், ராணி இ6இல் வெட்டிச் செக், ராஜா ஜி7, ராணி எஃப்7இல் மேட். 1938இல் பிளிமத்தில் அலெகைன் இதே வரிசையில் புரூஸ் என்பவரை வென்றார். வெகு சீக்கிரமே ஆட்டம் முடிந்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பலருக்கும் தெரிந்த பொறி. இன்றும் மும்பையின் ஹவுசிங் சொசைட்டி ஹால்களில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடத்தும் போட்டிகளில் பிள்ளைகள் வரிசையாக இதில் விழுகிறார்கள்.

என்னிடம் படிக்கும் பையன் ஒருவன், தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக் குடும்பம், நல்ல ஞாபகசக்தி. ஓய்வுபெற்ற மராத்திப் பெரியவர் ஒருவரோடு ஆடினான். அவர் ராணியை நிதானமாக எச்5இல் வைத்தார், பிறகு பிஷப்பை சி4இல் வைத்துவிட்டுக் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். இவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, ராணியைத் தூக்கினான். வெளியே காத்திருந்த அப்பாவுக்கு விஷயம் பிடிபடவே இல்லை. "ராணியை எடுத்தபிறகு எப்படி சார் தோற்க முடியும்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார். பையனோ, "நான் படித்த அதே நிலைதானே சார்?" என்றான். தோற்றதைவிட இந்தக் கேள்விதான் எனக்கு எரிச்சல். வகுப்பில் பலகை போட்டுக் காட்டினேன், தலையை ஆட்டினான், அடுத்த மாதமே கைப்பேசியில் வேறொருவரிடம் மறுபடி அதே பிஷப் எஃப்5 ஆடியிருந்தான். பயிற்சிச் செயலிகள் அடுத்த நகர்த்தல் எது என்று கேட்டுக் கேட்டுப் பழக்குகின்றன. எதிராளி என்ன ஆடினார் என்று பார்க்கும் பழக்கம் அதில் போய்விடுகிறது.

இதற்கு மருந்து மூன்றாவது நகர்த்தலிலேயே இருக்கிறது. குதிரை எஃப்3 வந்ததும் பிஷப்பை ஜி4க்குக் கொண்டுபோங்கள். எச்3 வந்தால் எஃப்3 குதிரையை வெட்டிவிடுங்கள். ராணி திரும்ப வெட்டும். நீங்கள் இ6, குதிரை எஃப்6 என்று அடுக்கிக்கொள்ளலாம். சிப்பாய்கள் சி6, டி5, இ6 என்று வெள்ளைக் கட்டங்களில் நிற்கின்றன. மிச்சமிருக்கும் பிஷப் கறுப்புக் கட்டத்தில் தடையில்லாமல் உலவும். வெள்ளையிடம் இரண்டு பிஷப்புகள் இருந்தாலும் அவை உடனே பாய்வதற்கு வழியில்லை. இதைச் சொன்னால், இந்தியில் பிஷப்பை ஒட்டகம் என்றே சொல்லிப் பழகிய பிள்ளைகள், "ஒட்டகத்தைக் கொடுத்துக் குதிரையை வாங்குவதா?" என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். வெட்ட மனம் வராமல் பிஷப்பை எச்5க்கு இழுத்தால் வெள்ளை டி5இல் வெட்டி, பிஷப் பி5 செக், ஜி4, குதிரை இ5 என்று அடுத்தடுத்து ஏறி வரும். அதைச் சமாளிக்கத் தெரிந்தவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

ஜி4 பிடிக்கவில்லை என்றால், இ4இல் வெட்டிவிட்டுப் பிஷப்புக்குப் பதிலாகக் குதிரையை எஃப்6க்குக் கொண்டுவாருங்கள். அதுவும் நல்ல ஆட்டமே. எஃப்5 மட்டும் வேண்டாம். பிஷப்பைத் தொடுவதற்கு முன்னால் வெள்ளையின் டி சிப்பாய் எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

பரிமாற்றக் கிளையில் தூங்குவது

டி4 டி5க்குப் பிறகு வெள்ளை டி5இல் வெட்டி, நீங்கள் சி சிப்பாயால் திரும்ப வெட்டியதும், 'சமநிலைக்கு ஆடுகிறார்' என்று தளர்ந்துவிடாதீர்கள். 1970இல் பெல்கிரேடில், சோவியத் அணியும் உலக அணியும் மோதியபோது, ஃபிஷர் பெட்ரோசியனுக்கு எதிராக இதைத்தான் ஆடினார்: பிஷப் டி3, சி3, பிஷப் எஃப்4. தோற்கடிக்கவே முடியாதவர் என்று பேர்வாங்கிய பெட்ரோசியன், தனக்குப் பழக்கமான தற்காப்பிலேயே தோற்றார்.

இங்கே நடக்கிற தவறு, திட்டமே இல்லாமல் காய்களை மாற்றிக்கொண்டே போவது. வெள்ளைக்கு இ வரிசை பாதி திறந்திருக்கிறது, அதாவது அதில் தன் சிப்பாய் இல்லை. குதிரையை இ5இல் நட்டு ராஜா பக்கம் வரும். உங்களுக்கு சி வரிசை பாதி திறந்திருக்கிறது. யானையை சி8இல் வைத்து, பி சிப்பாயை பி5, பி4 என்று தள்ளி, வெள்ளையின் சி3 சிப்பாயை உரச வேண்டும். அது உடைந்தால் முடிவாட்டம் வரை வெள்ளைக்கு அதைக் காப்பதே வேலை. இந்தப் பக்கம் நீங்கள் தொடங்காவிட்டால் அந்தப் பக்கம் அவர் தொடங்குவார். இன்னொன்று: பிஷப்பை ஜி4க்கு அனுப்பினால் பி7 சிப்பாய்க்குக் காவல் போய்விடும், ராணி பி3 வரும். பதற வேண்டாம், ராணியை டி7இல் வைத்தால் போதும். ஆனால் அது வரும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எச்4ஐக் கண்டுகொள்ளாதது

முன்னேற்றக் கிளையில் இ5, பிஷப் எஃப்5க்குப் பிறகு வெள்ளை எச்4 ஆடினால், அது ஓரத்துச் சிப்பாய்தானே என்று இ6 ஆடுகிறார்கள். ஜி4, பிஷப் இ4, எஃப்3, பிஷப் ஜி6, எச்5. பிஷப் போயிற்று. 1961இல் போட்வின்னிக்கிடமிருந்து பட்டத்தைக் காக்க ஆடிய மறுபோட்டியில் டால் இந்த எச்4ஐப் பயன்படுத்தினார். எச்5 ஆடுங்கள், அல்லது எச்6 ஆடுங்கள். இ6 அடுத்த வேளைக்கு இருக்கட்டும்.

நைஜல் ஷார்ட் பிரபலமாக்கிய குதிரை எஃப்3, பிஷப் இ2 வரிசையில் இந்த அவசரம் இல்லை. அங்கே தவறு நேர்மாறு: இ6 ஆடிவிட்டு, குதிரைகளை அடுக்கி, காஸ்லிங்கும் முடித்து, சி5 தள்ளாமலே உட்கார்ந்திருப்பது. டி4ஐத் தாக்காத காரோ-கான் ஆட்டக்காரர் மெதுவாக நசுக்கப்படுவார்.

எச்6 என்னும் நோய்

செவ்வியல் கிளையின் நான்காவதில் பிஷப் எஃப்5க்குப் பதிலாகக் குதிரையை டி7இல் வைப்பது கார்போவ் விரும்பிய கிளை; காரோ-கானிலேயே அடக்கமானது. அதில் வெள்ளைக் குதிரை ஜி5க்கு வந்து நின்றால் எச்6 ஆடித் துரத்த எல்லாருக்கும் கை அரிக்கும். 1997 மே 11 அன்று காஸ்பரோவுக்கும் அரித்தது. டீப் புளூ கணினிக்கு எதிரான கடைசி ஆட்டம்; குதிரை எஃப்6, பிஷப் டி3, இ6, மற்றக் குதிரை எஃப்3 என்று வந்தபின் ஏழாவதில் எச்6 ஆடினார். கணினி குதிரையை இ6இல் பலி கொடுத்தது. 19 நகர்த்தல்களில் ஆட்டமும் போட்டியும் போயின. முதலில் எஃப்8 பிஷப்பை டி6க்கு எடுத்திருந்தால், பிறகு எச்6 ஆடியபோது ராஜாவுக்கு ஒதுங்க இடம் இருந்திருக்கும். வரிசை ஒன்று மாறியது, அவ்வளவுதான். என் மாணவர்கள் காஸ்பரோவின் தவறைச் செய்துவிட்டுப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

ராணி இ2

அதே கிளையில் ஐந்தாவதில் வெள்ளை ராணி சும்மா இ2இல் வந்து நிற்கும். ஜி8 குதிரையை எஃப்6க்குக் கொண்டுவந்தால் வெள்ளையின் இ4 குதிரை டி6, மேட். இ7 சிப்பாய் ராணிக்கு எதிரே கட்டுண்டிருக்கிறது, நகர்ந்தால் ராஜாவுக்குச் செக்; அதனால் வெட்ட முடியாது. டி7 குதிரையை எஃப்6க்கு எடுங்கள்.

இரண்டாவதில் டி3

தாதர் பக்கத்துப் பழைய கைகள் வெள்ளையில் விரும்புகிற ஆட்டம். டி5இலிருந்து இ4ஐ வெட்டி ராணிகளை மாற்றிக்கொள்ள அவசரப்படாதீர்கள். இ5 தள்ளி நடுவைப் பிடித்து, பிஷப்பை டி6இல் வைத்து, காஸ்லிங் முடித்துக்கொள்ளுங்கள். காரோ-கானில் வெள்ளையே நமக்கு நடுப்பலகையை விட்டுத்தருவது அபூர்வம்.